அலமாரி மேலிருந்த காற்று

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து அதை அணைத்தான். போர்வையை மடித்து சோபாவின் ஓரத்தில் வைத்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாதியைப் பாத்திரத்தில் ஊற்றினான். மீதிக்குக் கிளிப் மாட்டி ஃப்ரிட்ஜில் வைத்தான். காபியை நின்றபடியே குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்தான். முன்பக்கம், பிறகு முதுகுப்பக்கம். அவன் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். “நாள் முழுக்க போர்டைப் பாத்துட்டு நிக்கிற ஆளுக்கு முதுகுதான் மூஞ்சி” என்று மனைவி ஒருநாள் சொன்னதிலிருந்து முதுகுப்பக்கத்தையும் தேய்க்க ஆரம்பித்தான். அவள் செத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பேன்ட் மட்டும் படுக்கையறை அலமாரியில் இருந்தது. அதற்காக தினமும் ஒரு தடவை உள்ளே போயாக வேண்டும். உடம்பு நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து, நுழைந்ததும் சாத்திக்கொள்வான். ஜன்னல்கள் மூடியே கிடந்தன. அலமாரியின் உச்சியில் அந்தக் காற்றுத் தலையணை இருந்தது. பஸ்ஸில் தூங்குகிறவர்கள் கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சாம்பல் நிறத் தலையணை. வாயால் ஊதி, குட்டிக் குழாயின் மேல் ரப்பர் மூடியை அமுக்கினால் போதும். காலை நேரத்தில் அது தளர்ந்து, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து, சோர்ந்து கிடக்கும். சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது விம்மி நிமிர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில் இருக்கும்போதுதான் இது நடப்பதைக் கேட்க முடியும். மதியத்துக்கு மேல், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ‘கிர்’ என்று ஒரு சத்தம் வரும். யாரோ படுக்கையில் புரண்டு படுத்த மாதிரி. வெயில் மேற்குச் சுவரில் இறங்குகிறது, அறை சூடாகிறது, உறைக்குள் இருக்கும் துகள்கள் வேகம் எடுத்துச் சுவரில் பலமாக மோதுகின்றன, உறை விரிந்து மரத்தில் உரசுகிறது. ராத்திரி குளிர்ந்தால் அவை நிதானமாகும், உறை தளரும். இது அவனே நடத்துகிற பாடம். காரணம் தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் கை வேலையை விட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பான். அங்கே ஏதோ ஒன்று காலையில் மூச்சை விட்டு, மதியம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தலையணையை அவள்தான் ஊதினாள். மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போவதற்காக முந்தின சாயங்காலமே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊதினாள். காலையில் அவளை எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆவதுண்டாம். அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் பதிவு செய்யும் கவுண்டரில் இருந்தாள். கண்ணாடியில் போட்ட வட்ட ஓட்டை வழியாகக் காலை முதல் சாயங்காலம் வரை ஊர் உலகத்தோடு பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாதவள்.

முதலில் அவளுடைய துணிகளிலிருந்து வாசனை போனது. வாசனை என்பதும் துகள்தான். கதவு திறக்கும் போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடந்துவிட்டது. பிறகு குளியலறையில் சிக்கியிருந்த தலைமுடி போனது. அதன் பிறகுதான் ஒருநாள் பேன்ட் எடுக்க நிமிர்ந்தபோது அலமாரி உச்சி கண்ணில் பட்டது. அவளுடைய மூச்சு மூடி போட்டபடி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அவன் ஹாலில் படுக்கிறான். பிளாஸ்டிக் உறை என்றைக்கும் முழுக் காவல் இல்லை, முட்டி மோதும் துகளில் ஏதாவது ஒன்று எப்போதாவது வழி கண்டுபிடித்து நழுவிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்குப் போடவும் தெரியும். போடவில்லை.

மூச்சு இருந்தது. வார்த்தைதான் இல்லை. அவள் ஊதிய சாயங்காலம் அவன் அதே அறையில் மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் “ம்” என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று விளக்கை அணைத்தான். அவனுடைய “ம்” அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. திருத்திய தாள் நினைவிருந்தது. துகள்கள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுவதால்தான் அழுத்தம் உண்டாகிறது என்று ஒரு பையன் தப்பாக எழுதியிருந்தான், அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தான். அவள் சொன்னது மட்டும் நினைவில் இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்லி முடித்துக்கொண்டான்.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன அன்று, முதலாண்டு மாணவர்களுக்கு லட்சிய வாயு பாடம். அப்படி ஒரு வாயு உலகத்தில் கிடையாது என்பதிலிருந்து தொடங்குவான். அதன் துகள்களுக்கு அளவு இல்லை, வெறும் புள்ளிகள். ஒன்றின் மேல் ஒன்றுக்கு ஈர்ப்பு இல்லை. நேர்கோட்டில் போகும், மோதும், திசை மாறும், போய்க்கொண்டே இருக்கும். மோதலில் எதுவும் வீணாகாது.

கல்யாணமான புதிதில் இந்தப் பாடத்தை அவளை உட்காரவைத்துத்தான் ஒத்திகை பார்த்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, இது வாயு இல்லை, நீதான் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருப்பவர் மேல் ஒரு ஈர்ப்பும் கிடையாது, மேலே வந்து இடித்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பது, அதுவும் ஒரு நொடிக்கு. அதற்குப் பிறகு சண்டை வந்தபோதெல்லாம் அவனுக்கு அந்தப் பட்டம்தான். “லட்சியம் சார், சாப்பிட வரீங்களா, இல்ல நான் வந்து மோதணுமா?”

மாணவர்கள் வைத்த பட்டம் சைலன்சர். வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான் என்பதால். அது அவன் காதுக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

செய்முறைக்கு அவன் வைத்திருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. அடியில் அதிரும் தட்டு, அதற்கு ஒரு மோட்டார். உள்ளே கைப்பிடி அளவு எஃகுக் குண்டுகள். மோட்டாரைப் போட்டதும் குண்டுகள் கொதிக்கிற மாதிரி எகிறி, ஒன்றோடு ஒன்றும் சுவரோடும் மோதித் தெறிக்கும். ஒரு துகள் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க ஒரே ஒரு குண்டுக்குச் சிவப்பு அடித்திருந்தது. அவளுடைய நகப்பூச்சு. ஹாலில் உட்கார்ந்து, குண்டை ஊக்கில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பூச்சு பூசிக் காயவைத்துக் கொடுத்தாள்.

மோட்டார் ஓடியது. சிவப்புக் குண்டைப் பின்தொடரச் சொன்னான். முன் வரிசைப் பெண் ஒருத்தி, அப்படி எதுவும் இல்லையே சார் என்றாள். அவன் மோட்டாரை நிறுத்தினான். எல்லாம் அடங்கி அடியில் கிடந்தன. குனிந்து பார்த்தான். எல்லாக் குண்டும் ஒரே நிறம். மோதி மோதிப் பூச்சு உதிர்ந்து, கண்ணாடியின் மூலையில் மெல்லிய சிவப்புத் தூளாகப் படிந்திருந்தது.

சிவப்பு எங்கே சார் என்று பின் வரிசையில் ஒருவன் கேட்டான். சொந்த ஊருக்குப் போயிருக்கும் என்றான் இன்னொருவன். வகுப்பு சிரித்தது. ஆய்வக உதவியாளர் மாணவர்களை முறைத்துவிட்டு அவன் காதருகே வந்து, வேறு ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். பிறகு வகுப்பைப் பார்த்து, “அது இதுக்குள்ளதான் இருக்கு. எதுன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்” என்றான். துகளுக்கு அடையாளம் கிடையாது, ஒரே வாயுவின் இரண்டு பங்கை ஒரே கலத்தில் கலந்துவிட்டால் எது யாருடையது என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினான். மணி அடிக்கும் வரை திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பை. வருவதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரவேண்டாம் என்பதற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பீர்கள் மாப்பிள்ளை, அதனால்தான் என்றாள். அது நிஜம். அவன் பூட்டைத் திறந்தான்.

அவள் வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினாள். சோபாவில் மடித்து வைத்த போர்வையைப் பார்த்தாள். கிடைத்ததை வைத்துச் சமைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மூட்டு வலி, பஸ்ஸில் இடம் கொடுக்காத இளவட்டங்கள், பக்கத்து வீட்டுக்காரி புதிதாக வாங்கி ஒரே மாதத்தில் புகையவிட்ட மிக்ஸி என்று அவளே பேசிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. பிறகு தட்டை நகர்த்திவிட்டு, அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுக் காலையில் போய்விடுவதாகச் சொன்னாள்.

சோபா வசதியாக இருக்கும் என்றான். மூட்டு வலிக்காரியைச் சோபாவில் படுக்கச் சொல்லும் முதல் மாப்பிள்ளை நீங்கள்தான் என்றாள். அவன் கொஞ்சம் யோசித்து, ஜன்னலைத் திறக்காமல் படுங்கள் என்றான். ஏன் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தான். கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

“மாடி வீட்டு அக்கா ஒண்ணு சொன்னாங்க. அவ போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி படிக்கட்டுல பாத்தப்போ, அம்மாவைப் பாக்கணும்போல இருக்குன்னு சொன்னாளாம். அதுதான் கடைசின்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படியே வச்சுக்கிட்டேன். ஆனா மாப்பிள்ளை, அது ரெண்டு நாள் முன்னாடி. அப்புறம் ஒரு நாள் முழுக்க உங்ககூட இருந்திருக்கா. அவ வாயை மூடிட்டு ஒரு நாள் இருந்தான்னு யார்கிட்டயாவது சொன்னா நம்புவாங்களா?”

அவன் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தான்.

“உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா?”

“ஞாபகம் இல்ல அத்தை.”

“தூங்கிட்டு இருந்தான்னீங்க அன்னிக்கு.”

“ஏதோ சொன்னா. நான் பேப்பர் திருத்திட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு. உள்ள போகல.”

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள். நகை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை, ஒரே ஒரு வார்த்தைதான், அது என்னவாக இருந்தாலும் சரி, கண்டபடி திட்டியிருந்தாலும் சரி, அதைத் தெரிந்துகொண்டு போய்விடுகிறேன் என்றாள். காலை பஸ் கிளம்புவதற்குள் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் சோபாவில் படுத்து யோசித்தான். துகள்களின் ஓட்டத்தைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினாலும் எந்த விதியும் மீறப்படுவதில்லை. எது முன், எது பின் என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு மோதலையும் திருப்பிப் போட்டுக்கொண்டே போனால் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். அதையே செய்து பார்த்தான். விளக்கை அணைத்தது. திரும்பிப் பார்த்தது. சிவப்புக் கோடு. “ம்”. அதற்கு முன்னால் ஒரு சுவர். திரும்பத் திரும்ப அதிலேயே போய் முட்டினான்.

விடிந்தது. அலாரத்தை அணைத்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து இந்தத் தடவை முழுவதையும் ஊற்றினான். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தான். பால் பொங்கி வரும் நேரத்தில் படுக்கையறையிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினான். ஜன்னல் இரண்டும் விரியத் திறந்திருந்தன. வெளிச்சத்தில் அறை வேறு யாருடையதோ போல இருந்தது. மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை தயாராக இருந்தது. மடியில் அந்தத் தலையணை. மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கி எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துக்கு ஆகுமே என்று எடுத்தேன், காற்று இறங்கிப்போய்க் கிடக்கிறது, கொஞ்சம் ஊதிக்கொண்டால் பஸ்ஸுக்கு ஆகும் என்று சொல்லியபடியே குழாயை உதட்டருகே கொண்டுபோனாள்.

“ஊதாதீங்க!”

அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசி மாதக்கணக்காகியிருந்தது. பறித்தான். பறித்த வேகத்தில் அவன் கையே அதை நசுக்க, இன்னும் கொஞ்சம் காற்று அவன் முகத்தில் அடித்தது. மூடி எங்கோ உருண்டுவிட்டது. விரலால் அடைத்தான், குழாய் வழுக்கியது, ‘உஸ்’ நிற்கவில்லை. வேறு எதுவும் தோன்றாமல் வாயை வைத்து அடைத்தான்.

ரப்பர் ருசி. குழாயின் விளிம்பில், கீழ்ப்பக்கம், நாக்கு படும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். பல் பட்ட தடம். அவளுக்குக் கீழ்ப்பல் ஒன்று மட்டும் கொஞ்சம் முன்னால் துருத்தியிருக்கும். எதைக் கடித்தாலும் அந்தத் தடம் விழும்.

அந்தப் பள்ளம் அவன் நாக்குக்குப் புதிதில்லை.

அப்படியே நின்றான். மூளை எங்கேயோ தொலைத்ததை வாய் பத்திரமாக வைத்திருந்தது. அன்று சாயங்காலம், வலது கையில் சிவப்புப் பேனா. இடது கையில் இது. முனை அப்போது ஈரமாக இருந்தது. விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊதினான். பையன் எழுதிய வரியைப் படித்துக்கொண்டே ஊதினான். ஊதி முடித்து, மூடியை அமுக்கி, பின்னால் பார்க்காமலே கட்டில் பக்கம் நீட்டினான். யாரும் வாங்கவில்லை. அலமாரி மேல் தூக்கிப் போட்டான். அதற்கு முன்னால் “ம்”. அதற்கு முன்னால்.

மாமியார் குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த மூடியை எடுத்து, அவன் வாயிலிருந்து குழாயை மெல்ல விலக்கி அடைத்தாள். அடுக்களையிலிருந்து பால் தீய்ந்த வாடை வந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவன் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு தலையணைக்காகவா மாப்பிள்ளை இவ்வளவு என்று கேட்டாள்.

“இதுக்குள்ள இருக்கறது அவ மூச்சு அத்தை. அன்னிக்கு ஊதினது.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி அதன் மேல் புறங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

“இதுல இருக்கறது முழுக்க அவ ஊதினதா?”

“இல்ல” என்றான். “அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். பாதி நான் ஊதினது.”

நேற்று கரும்பலகையில் எழுதியது அவனுக்கே திரும்பி வந்தது. அவள் மூச்சும் அவன் மூச்சும் ஒரே உறைக்குள் இத்தனை மாதமாக மோதி, கலந்து, காலையில் தளர்ந்து மதியம் விம்மியிருக்கின்றன. எது யாருடையது என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவுக்குப் பின்னால் புரண்டு படுத்ததில் பாதி அவன்தான்.

“பாதியில விட்டாளா?” மாமியார் முகத்தைச் சுளித்தாள். “அவ எதையும் பாதியில விடமாட்டாளே. சின்ன வயசுல பஸ்ஸை ஓடிப் புடிச்சு எனக்கு இடம் போட்டு வச்சிருப்பா. இதை ஊதவா அவளுக்குத் தெம்பு இல்ல?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் கேட்டது அவளுக்கே இன்னும் எட்டவில்லை என்பது தெரிந்தது. அவனுக்கு இப்போதுதான் எட்டியிருந்தது. அன்று பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். முகத்தைப் பார்த்திருந்தால் போதும்.

மாடி வீட்டு அக்கா சொன்ன வாக்கியம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அம்மாவைப் பாக்கணும்போல இருக்கு. அதைச் சொன்னால் இவள் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, பஸ் ஏறி ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்வாள். நல்ல வாக்கியம். யாருக்கும் ஒரு குறையும் வைக்காது.

“ஞாபகம் வந்துடுச்சு அத்தை” என்றான்.

அவள் பையின் பிடியை விட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். அன்று அவன் உட்காராத மாதிரி.

அவன் தலையணையைப் பார்த்துக்கொண்டே, மனைவி அன்று சொன்ன மாதிரியே, நடுவில் நின்ற இடத்தில் நின்று சொன்னான்.

“இந்தா... மூச்சு வாங்குதுப்பா எனக்கு. மீதிய நீ ஊது.”